சணற்புரியும் ரயில் அட்டவணையும்: ஒரு வம்சாவளியின் மறுபரிசீலனை

நாடர் எங்கெட்டாவும் ரிச்சர்டு ஸியோல்கோவ்ஸ்கியும் 2006-இல் பதிப்பித்த மெட்டாமெட்டீரியல் நூலின் தொடக்கத்தில், செயற்கை ஊடகங்களின் சரித்திரத்தை 1898-இல் ஜகதீச சந்திர போஸ் முறுக்கிய சணலைக் கொண்டு நிகழ்த்திய நுண்ணலைப் பரிசோதனையில் தொடங்கி, லிண்ட்மனின் கம்பிச் சுருள்கள், 1948-இல் வின்ஸ்டன் காக் வெளியிட்ட உலோக வில்லைகள் என ஒரே சரடில் கோத்திருக்கிறார்கள். நம் தேசத்தவருக்கு முதலிடம் அளிக்கும் கூற்றாதலால் அதனை வழிமொழிவது நமக்கு எளிது. ஆயினும் நான் அதனை ஏற்கவில்லை.

ராயல் சொஸைட்டியின் நடவடிக்கைத் தொகுதியில் வெளிவந்த போஸின் கட்டுரையைப் பொறுமையாக வாசிப்பவர், அவர் புதியதோர் ஊடகத்தைப் படைக்க முனையவில்லை என்பதைக் காண்பர். சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளவிளைவுத் தளத்தைத் திருப்புவது எங்ஙனம் என்பதே அவருடைய வினா. அதன்பொருட்டுச் சணலை வலம்புரியாகவும் இடம்புரியாகவும் முறுக்கி, அத்துண்டுகளையே மூலக்கூறுகளாகப் பாவித்தார். ஓரினத்தை மட்டும் வைத்தபோது அலையின் தளம் ஒருபுறமும், மற்றதை வைத்தபோது எதிர்ப்புறமும் திரும்பிற்று. இரண்டையும் சம எண்ணிக்கையில் கலந்தபோது சுழற்சியே இல்லை. என் வாதம் முழுவதும் இந்தக் கலவையைப் பற்றியே நிற்கிறது. கருவி செய்ய விழைபவனுக்குப் பயனற்ற அந்தச் சூனிய விளைவு, சுழற்றும் திறனற்ற கரைசலை விளக்க விழைபவனுக்கு இன்றியமையாத சாட்சியம் அன்றோ?

டிராம்பேயில், 'ஸைரஸ்' உலையின் நியூட்ரான் கற்றையைக் கொண்டு ராஜகோபால சிதம்பரமும் அவருடைய சகாக்களும் அமினோ அமிலப் படிகங்களில் ஹைட்ரஜன் அணுக்களின் இருப்பிடத்தை நிர்ணயித்த முயற்சி எந்த இனத்ததோ, அந்த இனத்ததே போஸின் சணலும்: இயற்கையின் கட்டமைப்பை அறியும் விழைவு அது.

போஸிடத்தில் மூதாதையைத் தேடியே ஆகவேண்டுமெனில், பிராட்ஷா ரயில் அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி அவர் அமைத்த தளவிளைவுக் கருவியையே நான் சுட்டுவேன். தாள்களுக்குச் செங்குத்தான மின்புலம் அதனுள் புகும். இணையான மின்புலமோ, இடைவெளி அரை அலைநீளத்தினும் மிகக் குறைவாதலால், தடுக்கப்படும். அந்நிலையில் அவ்வடுக்கின் மின் விடுதிறன் எதிர்மறையாகிறது. இணைத் தகடுகளைக் கொண்டு பிளாஸ்மாவை உருவகிக்கலாம் என்று வால்டர் ராட்மன் 1962-இல் காட்டியதும் இதே தத்துவத்தால்தான். போஸ் இம்மொழியில் சிந்தித்தாரென்பதற்குச் சான்றில்லை. ஆனால் அலையை ஆள்வதற்கென்றே அவர் உலோகத்தையும் காகிதத்தையும் அடுக்கினார் என்பதை மறுக்கவியலாது. எதிர்மறை விலகலுக்கென வெஸலாகோ 1967-இல் ருஷ்ய மொழியில் கோரிய இரு எதிர்மறைக் குணங்களில் ஒன்றான எதிர்மறை மின் விடுதிறன் இந்த அட்டவணைப் புத்தகத்தில் முன்னரே இருந்தது.

அந்தச் சரடில் போஸை அடுத்து வரும் லிண்ட்மனின் காலத்தையும் நான் திட்டமாகக் கூறத் துணியேன். 1914 என்பது வழக்கு. பின்லாந்து விஞ்ஞான சங்கத்தின் தொகுதி 1914-15 எனக் குறிக்கிறது. பலரும் வாசித்த ஜெர்மன் வடிவம் 1920-க்கு உரியது.

புரியமைப்பின் வழியாகவும் எதிர்மறை விலகலை அடையலாம் என்று பெண்ட்ரி 2004-இல் நிறுவியதை என் கட்சிக்கு எதிராகக் காட்டக்கூடும். அவர் வேண்டியது புரி மட்டுமன்று, ஒத்ததிர்வும்கூட. அது லிண்ட்மனின் செப்புச் சுருள்களில் உண்டு, சணலில் இல்லை.