கரிஸ்மா: ஓர் இடைத்தர நெடும்பயண மோட்டார் சைக்கிளின் வரலாறும் தொழில்நுட்பமும்

இந்திய இருசக்கர வாகனத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் விற்பனை எண்ணிக்கைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அந்த எண்ணிக்கைகளில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவின் பங்கு மிகச் சிறியது. ஆயினும், நடுத்தர வர்க்கத்தினர் தம் சொந்த வண்டியில் மாநில எல்லைகளைக் கடந்து பயணிக்கத் தொடங்கிய காலத்தை விளங்கிக்கொள்வதற்கும், கூட்டு நிறுவனம் என்ற ஏற்பாடு ஒரு நாட்டின் பொறியியல் அறிவை எதுவரை வளர்க்கும் என்ற கேள்வியை ஆராய்வதற்கும் இந்த வண்டி தக்கதொரு சான்றாகும்.

'ஸ்போர்ட் டூரர்' என்னும் வகை ஐரோப்பாவில் உருப்பெற்றது. 1976இல் பிஎம்டபிள்யூ வெளியிட்ட ஆர்100ஆர்எஸ், காற்றுச்சுரங்கச் சோதனையில் வடிவமைக்கப்பட்ட முழு முகப்புக் கவசத்துடன் வந்தது. விரைவும் நெடுந்தொலைவுப் பயணத்துக்கான வசதியும் ஒரே வண்டியில் இணைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 980 சிசி திறன் கொண்ட அத்தகைய வண்டி அன்றைய இந்தியாவில் எண்ணிப் பார்க்க முடியாத ஒன்று. 1980களின் தொடக்கத்தில் அயல்நாட்டுக் கூட்டுறவுக்கு அரசு வழிதிறந்தபோது அது 100 சிசி வண்டிகளை மையமாகக் கொண்டிருந்தது. ஒசூரில் டிவிஎஸ் – சுசூகி, தாருஹேராவில் ஹீரோ – ஹோண்டா, எஸ்கார்ட்ஸ் – யமஹா, பஜாஜ் – கவாசாகி ஆகிய கூட்டணிகள் அவ்வாறு பிறந்தவை. 1985இல் வந்த சிடி100, எரிபொருள் சிக்கனத்தையே ஒரு வண்டியின் தலையாய பண்பாக்கியது. 1994இல் வந்த ஸ்பிளெண்டர் அந்த அளவுகோலை நிலைநிறுத்தியது. 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?' என்பதே வாங்குவோரின் முதற்கேள்வியாயிற்று.

நூற்றாண்டின் திருப்பத்தில் இரு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. 1999இல் ஹீரோ ஹோண்டாவின் சிபிஇசட், 2001இல் பஜாஜ் பல்சர் ஆகியவை, சிக்கனத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தேனும் ஆற்றலைத் தேடும் இளைஞர் கூட்டம் ஒன்று உண்டு என்பதை மெய்ப்பித்தன. அதே காலத்தில் தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலைத் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடர்ச்சியாக மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லத்தக்க சாலை உருவாகும்போது, அதில் மணிக்கணக்கில் ஓடத்தக்க வண்டிக்கும் தேவை எழுகிறது. கரிஸ்மா தோன்றிய சூழல் இதுவே.

அதன் எஞ்சின் 223 சிசி. சிலிண்டர் விட்டம் 65.5 மி.மீ., பிஸ்டன் வீச்சு 66.2 மி.மீ. ஜப்பானில் எஸ்எல்230 போன்ற மண்பாதை வண்டிகளுக்காக ஹோண்டா உருவாக்கிய எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. விட்டமும் வீச்சும் ஏறத்தாழ சமமாக அமைந்த, இரண்டே வால்வுகள் கொண்ட, காற்றால் குளிரும் எஞ்சின். 7,000 சுழற்சியில் சுமார் 17 குதிரைத்திறனும், 6,000 சுழற்சியில் 18 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட முறுக்குவிசையும் அதன் வெளியீடு. ஐந்து கியர்கள், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம் பிரேக், 15 லிட்டர் பெட்ரோல் டேங்க், 150 கிலோ எடை என அமைந்திருந்தது வண்டி. முகப்பு விளக்கு கைப்பிடியோடு திரும்பாமல், சட்டகத்தில் பொருத்தப்பட்ட அரைக்கவசத்தில் இடம்பெற்றது.

இந்த எண்களின் பொருளை விளக்க ஓர் ஒப்பீடு உதவும். 2008இல் யமஹா ஆர்15 இந்தியாவுக்கு வந்தது. 150 சிசியில், நான்கு வால்வுகள், திரவக் குளிர்விப்பு, எரிபொருள் உட்செலுத்தல் ஆகியவற்றின் துணையால் அதே 17 குதிரைத்திறனை அது எட்டியது. ஆனால் அதற்கு 8,500 சுழற்சி தேவைப்பட்டது. முறுக்குவிசையோ 15 நியூட்டன் மீட்டர்தான். பந்தயத்தளத்துக்கு இது பொருந்தும். பின்னிருக்கையில் ஒருவரும் இருபுறமும் பைகளும் இருக்க, கியரை அடிக்கடி மாற்றாமல் மேட்டில் ஏற வேண்டியவருக்குத் தேவைப்படுவது குறைந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசை. குறைந்த சுழற்சி என்றால் உராய்வும் வெப்பமும் குறைவு. ஆகவே ரேடியேட்டர் இன்றியே நாள் முழுதும் ஓட இயலும். நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் அதைப் பழுதுபார்க்கவும் முடியும். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டால் 15 லிட்டரில் 525 கிலோமீட்டர் செல்லலாம். தில்லி – ஜெய்ப்பூர் தொலைவின் ஏறத்தாழ இருமடங்கு அது. இந்தியச் சூழலில் 'டூரிங்' என்ற சொல்லின் பொருளை இந்த எளிய பொறியியல் தேர்வுகளே வரையறுத்தன.

எனினும் கரிஸ்மாவின் வலிமையே அதன் தேக்கத்துக்கும் இடமளித்தது. 2009இல் வந்த இசட்எம்ஆர், முழுக்கவசம், எரிபொருள் உட்செலுத்தல், எண்ணெய்க் குளிர்விப்பி, பின்சக்கர டிஸ்க் பிரேக், எண்ணிமக் காட்சித்திரை ஆகியவற்றைப் பெற்றிருந்தது. ஆனால் உள்ளே இருந்தது அதே 223 சிசி எஞ்சின். ஆற்றல் உயர்வு ஒரு குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. ஆறு ஆண்டுகளில் வெளித்தோற்றம் மாறிய அளவுக்கு உட்கரு மாறவில்லை.

இதன் காரணத்தைக் கூட்டு நிறுவனத்தின் அமைப்பில் தேட வேண்டும். 1984இல் உருவான ஹீரோ ஹோண்டாவில் இரு தரப்பும் தலா 26 விழுக்காடு பங்கு வைத்திருந்தன. உற்பத்தி ஒழுங்கு, உதிரிபாக வழங்குவோர் வலைப்பின்னல், ஊர்தோறும் விற்பனை நிலையங்கள் ஆகியவற்றை இந்தியத் தரப்பு கட்டியெழுப்பியது. எஞ்சின் வடிவமைப்பு ஹோண்டாவிடமே இருந்தது. 2001 முதல் எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய இருசக்கர வாகன உற்பத்தியாளராகத் திகழ்ந்த நிறுவனம், புதிய எஞ்சினுக்குத் தன் கூட்டாளியையே எதிர்நோக்கியிருந்தது. அந்தக் கூட்டாளியோ 1999இலேயே இந்தியாவில் தனக்கென ஒரு துணை நிறுவனத்தையும் தொடங்கியிருந்தது.

2010 டிசம்பரில் பிரிவு அறிவிக்கப்பட்டது. 2011இல் ஹோண்டா தன் சொந்தப் பெயரில் 250 சிசி, திரவக் குளிர்விப்பு, ஏபிஎஸ் வசதியுடன் கூடிய சிபிஆர்250ஆர் வண்டியை இந்தியச் சந்தையில் இறக்கியது. கரிஸ்மா வாங்கியோர் எதிர்பார்த்திருந்த அடுத்த கட்டம் வேறொரு பெயர்ப்பலகையின்கீழ் வந்து சேர்ந்தது. ஹீரோ மோட்டோகார்ப் அமெரிக்காவின் எரிக் பியூல் ரேசிங் நிறுவனத்தில் 49.2 விழுக்காடு பங்கை வாங்கியது. 2014இல் கரிஸ்மாவின் தோற்றம் மாறியது; ஆற்றல் 20 குதிரைத்திறன் அளவுக்கு உயர்ந்தது. அதே ஆண்டு தில்லி வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்ட எச்எக்ஸ்250ஆர் விற்பனைக்கு வரவேயில்லை. 2015 ஏப்ரலில் எரிக் பியூல் ரேசிங் திவாலாயிற்று. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது கரிஸ்மா சந்தையில் இல்லை.

2016இல் ஜெய்ப்பூரில் ஹீரோ நிறுவிய ஆய்வு, வடிவமைப்பு மையத்தின் முக்கியத்துவத்தை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். 2023 ஆகஸ்டில் வந்த கரிஸ்மா எக்ஸ்எம்ஆர், 210 சிசியில் நான்கு வால்வுகள், திரவக் குளிர்விப்பு, ஆறு கியர்கள் ஆகியவற்றுடன் 9,250 சுழற்சியில் 25.5 குதிரைத்திறன் தருகிறது. லிட்டர் கொள்ளளவுக்கு எனக் கணக்கிட்டால் பழைய கரிஸ்மாவின் 76 குதிரைத்திறன் இன்று 121 ஆகியுள்ளது. கூட்டாளியிடமிருந்து பெறாமல் தானே எஞ்சின் வடிவமைக்கும் நிலைக்கு நிறுவனம் வந்துவிட்டதற்கு இது சான்று. அதே வேளையில் டேங்கின் கொள்ளளவு 15 லிட்டரிலிருந்து 11 லிட்டராகச் சுருங்கியுள்ளது. முந்தைய கணக்கின்படி ஒருமுறை நிரப்பிச் செல்லும் தொலைவு 525 கிலோமீட்டரிலிருந்து 385 ஆகிறது. பெயர் நீடிக்கிறது, வண்டியின் நாட்டம் பயணத்திலிருந்து விரைவை நோக்கி நகர்ந்துள்ளது.

தொழில்நுட்பப் பரிமாற்றம் குறித்த ஆய்வுகள் ஒப்பந்தங்களையும் உற்பத்தி அளவையும் எடுத்துக்கொள்ளும் கவனத்தோடு வண்டிகளின் விவரத் தாள்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 26 ஆண்டுக் கூட்டுறவில் இந்தியத் தரப்பு உற்பத்தியை முழுமையாகக் கற்றது. வடிவமைப்பைக் கற்கும் கட்டாயம் பிரிவுக்குப் பின்னரே நேர்ந்தது. 2003க்கும் 2009க்கும் இடையில் மாறாமல் நின்ற 65.5, 66.2 என்ற இரு எண்கள், அந்தக் கூட்டுறவின் எல்லை எங்கே இருந்தது என்பதை எந்த ஆண்டறிக்கையையும்விடத் துல்லியமாகக் காட்டுகின்றன.