காலை 6 மணி வெடி: ஒரு சின்ன வரலாறு

எங்க தருமபுரி பக்கம் தீபாவளின்னா விடியக்காலையில எண்ணெய்க் குளியல், புதுத்துணி, உடனே வெடி. இந்தப் பழக்கம் 2018-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

அந்த வருஷம் அக்டோபர் 23-ல வந்த தீர்ப்பு, தீபாவளிக்கு ராத்திரி 8 முதல் 10 வரைதான் வெடிக்கலாம்னு சொன்னது. இன்னொரு நிபந்தனையை நாம அதிகம் பேசல: பண்டிகைக்கு முன்னாடி ஏழு நாள், பின்னாடி ஏழு நாள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் நகரங்கள்ல காற்றை அளக்கணும்.

தமிழ்நாடு அரசு, நம்ம ஊர்ல விடியற்காலைதான் தீபாவளின்னு முறையிட்டது. அக்டோபர் 30-ல நீதிமன்றம் இறங்கி வந்தது. நேரத்தை மாத்திக்கலாம், மொத்தம் ரெண்டு மணி நேரம் தாண்டக்கூடாது. அரசு காலை 6–7, இரவு 7–8 எனப் பிரித்தது. அடுத்தடுத்த வருஷங்கள்லயும் அதேதான்.

சடங்குக்குச் சரி, காற்றுக்கு? ஐப்பசி விடியல்ல தரையை ஒட்டின காற்று குளிர்ந்து கனமா கிடக்கும். மேல இருக்கிற வெதுவெதுப்பான காற்று மூடி மாதிரி அமுக்கும். வெயில் ஏறுற வரை புகை நகராது. (மழை பெஞ்சா தப்பிச்சோம்!)

அமெரிக்காவுல 2016-ல ஒரு விதி வந்தது. ஒரே மாதிரி மாசு நிகழ்வு மூணு வருஷத்துல மூணு தடவை வந்தா, அந்தப் பகுதி தணிப்புத் திட்டம் எழுதணும்: மக்களுக்கு எச்சரிக்கை, குறைக்கும் வழி, அப்பப்போ மறுபரிசீலனை. அங்க காட்டுத்தீக்கும் புழுதிப்புயலுக்கும் தேதி கிடையாது. நமக்கோ தேதி காலண்டர்லயே இருக்கு. இளைப்பு இருக்கிற பாட்டிக்கு முந்தின நாளே ஒரு எஸ்எம்எஸ் வரலாமே? காலை நேரத்தை எட்டரைக்குத் தள்ளலாமே? இட்லி சாப்பிட்டுட்டே வெடிக்கலாம்.