மோட்டார் சைக்கிள் பள்ளி பிறந்த வரலாறு

மோட்டார் சைக்கிள் ஓட்ட உங்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? அண்ணனாக இருக்கலாம், மாமாவாகவோ உடன் படித்த நண்பனாகவோ இருக்கலாம். ஒரு மாலையில் காலியான மைதானத்தில் கிளட்ச், கியர், பிரேக் மூன்றையும் காட்டிவிட்டு, "இனி நீயே ஓட்டு" என்று விட்டிருப்பார். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனுக்கு இதற்கு மேல் என்ன சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்த எண்ணம் தவறு என்று அளந்து காட்டிய நாடு அமெரிக்கா. அங்கும் அது எளிதில் நடந்துவிடவில்லை.

முறையாகக் கற்பிக்கும் முயற்சி அதற்கு முன்பே பிரிட்டனில் தொடங்கிவிட்டது. அங்கு 1947-இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பும் ஆட்டோ சைக்கிள் யூனியனும் சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டத்தை ஏற்படுத்தின. ஆனால் விரும்பியவர் மட்டுமே அதில் சேர்ந்தனர்.

அமெரிக்காவில் 1960-இல் பதிவு பெற்ற மோட்டார் சைக்கிள்கள் 6 லட்சத்துக்கும் குறைவு. 1970-இல் அவை ஏறத்தாழ 28 லட்சம் ஆகிவிட்டன. விலை மலிவான ஜப்பானிய வண்டிகளே இதற்கு முக்கியக் காரணம். வண்டியோடு விபத்தும் பெருகியது. 1973-இல் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, ஹார்லி-டேவிட்சன் ஆகிய போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பை நிறுவின. இதில் வியாபார நோக்கமும் இருந்திருக்கும். வாங்கியவர் இறந்துகொண்டே இருந்தால் விற்பனை எப்படி வளரும்?

பள்ளிக்கு இடம் தேடி அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் பெரிய கார் நிறுத்துமிடமே போதும். தரையில் வண்ணக் கோடுகள், சில கூம்புகள், எடை குறைந்த சிறு வண்டிகள், 12 மாணவர்களுக்கு இரண்டு பயிற்சியாளர்கள் என்பது வழக்கமான ஏற்பாடாயிற்று. கடினமானது வேறொன்று. நன்றாக ஓட்டுபவர் எல்லோரும் நன்றாகக் கற்பிப்பவர் அல்லர். ஆகவே முதலில் பயிற்சியாளர்களுக்கே பயிற்சி தந்து சான்றிதழ் வழங்க வேண்டியிருந்தது. அதைவிடக் கடினமான கேள்வி: எதைக் கற்பிப்பது?

இதற்கு விடை தந்தவர் ஹாரி ஹர்ட். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர். கடற்படை விமானிகளுக்கான காற்றியக்கவியல் பாடநூலை எழுதியவர். விமான விபத்தை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்வார்களோ அவ்வாறே மோட்டார் சைக்கிள் விபத்தையும் ஆராய அவரும் அவர் குழுவினரும் முற்பட்டனர். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சுமார் 900 விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்தார்கள்; 3,600 போலீஸ் அறிக்கைகளையும் படித்தார்கள். இத்துடன் நின்றிருந்தால் அது வெறும் பட்டியலாகப் போயிருக்கும். விபத்து நடந்த 505 இடங்களுக்கு மீண்டும் சென்று, அதே கிழமையில் அதே நேரத்தில், விபத்தின்றி அவ்வழியே சென்ற 2,310 ஓட்டுநர்களையும் விசாரித்தார்கள். ஒப்பிடுவதற்கு ஒரு தொகுதி இருந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு என்பது ஆய்வுக்கூடத்தில் நுழைந்த ஒவ்வொரு மாணவனுக்கும் தெரியும். அதைத் தெருவில் செய்து காட்டியதே அவருடைய பெருமை.

1981-இல் வெளியான அறிக்கையின்படி, விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதத்தினர் தாமாகவோ, உறவினர் நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். சரிபாதி விபத்துகளில், ஆபத்து தோன்றும் முன் வண்டி சென்ற வேகம் மணிக்கு 48 கிலோமீட்டருக்கும் குறைவுதான்! ஆபத்தைக் கண்டு தப்ப முயல்வதற்குக் கிடைத்த நேரமோ பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் செய்தது என்ன? பின் பிரேக்கை வலுவாக மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. விலகிச் செல்லவும் அவர்களுக்குத் தெரியவில்லை.

இங்கே சிறிது இயற்பியல் தேவைப்படுகிறது. பிரேக் பிடிக்கும்போது நிலைமத்தால் வண்டியின் சுமை முன் சக்கரத்துக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்திலும், சக்கரங்களின் இடைவெளி 140 செ.மீ. ஆகவும், சாலையின் உராய்வுக் கெழு 0.7 ஆகவும் கொள்வோம். நிற்கும்போது இரு சக்கரமும் பாதிப் பாதி சுமந்தாலும், முழு அளவில் பிரேக் பிடிக்கையில் முன் சக்கரம் 80 சதவீதம் தாங்கும். பின் சக்கரத்துக்கு 20 சதவீதமே மிஞ்சும். சுமை குறைந்தால் உராய்வு விசையும் குறையும். கணக்கிட்டுப் பாருங்கள்: 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் இரு பிரேக்கும் சரியாகப் பிடித்தால் சுமார் 13 மீட்டரில் நிற்கலாம், பின் பிரேக்கை மட்டும் நம்பினால் 30 மீட்டருக்கு மேல் வேண்டும். "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்று அண்ணன் அன்புடன் சொன்ன அறிவுரை இந்த 17 மீட்டரைப் பறித்துவிடுகிறது.

விலகுவதும் அப்படியே. வேகமாகச் செல்லும்போது இடப்பக்கம் திரும்ப, இடக்கைப் பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். சக்கரம் கணப்பொழுது வலப்பக்கம் ஒதுங்க, வண்டி இடப்பக்கம் சாயும். சாய்வு வண்டியைத் திருப்பும். உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிறுத்திப் பாருங்கள். குச்சி இடப்பக்கம் சாய வேண்டுமானால் கையை வலப்பக்கம் நகர்த்த வேண்டும் அல்லவா? எல்லோரும் அறியாமலே இதைச் செய்கிறோம். திகில் நேரத்தில் தெரிந்து செய்யத்தான் பழக்கம் வேண்டும். உரிமத் தேர்வில் நாம் போடும் "எட்டு" மெதுவான வேகத்தில் சமநிலையைச் சோதிக்கிறது. திடீரென நிறுத்துவதையும் விலகுவதையும் அது சோதிப்பதில்லை.

இந்த இரண்டும் பள்ளிகளின் பாடத்தில் முதன்மை பெற்றன. 1986-இல் அறக்கட்டளை புதிய பாடத்திட்டம் வெளியிட்டது. பல மாநிலங்கள் வண்டிப் பதிவு, உரிமக் கட்டணங்களிலிருந்து பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கின. பிரிட்டனில் 1990 டிசம்பரில் அடிப்படைப் பயிற்சி கட்டாயமாயிற்று.

பயிற்சியால் விபத்து குறைந்ததா? ஹர்ட்டின் ஒப்பீடு குறைகிறது என்றே காட்டியது. ஆனால் 2010-இல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 23 ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, உறுதியாக எதுவும் சொல்ல இயலாது என்றது. தானே முன்வந்து பயிற்சிக்கு வருபவர் இயல்பிலேயே எச்சரிக்கையானவராக இருக்கலாம். பயிற்சியின் பயனையும் அவருடைய குணத்தின் பயனையும் பிரிப்பது எளிதன்று. சான்றிதழ் பெற்றவர் துணிச்சல் மிகுந்து ஓட்டவும் கூடும். இதனால் பள்ளி வேண்டாம் என்று முடிவு கட்டுவது சரியன்று என்பது என் கருத்து. 13 மீட்டர் கணக்கு பொய்யாகிவிடவில்லை. ஆனால் கைக்கு மட்டும் பயிற்சி தந்தால் போதாது என்று தோன்றுகிறது. இரண்டு விநாடியை நான்காக்க, ஆபத்தை முன்னதாகவே காணக் கண்ணையும் பழக்க வேண்டும். பிரிட்டனில் 2002 முதல், உரிமம் கேட்பவருக்குச் சாலைக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள்.