மேற்பரப்பின் சாட்சியம்: ஒளிமின் உமிழ்வு ஆய்வின் வரலாற்றில் ஒரு வழக்கு

1887ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் தேடிக்கொண்டிருந்தது மின்காந்த அலைகளை. அலையை ஏற்கும் கம்பி வளையத்தின் இடைவெளியில் தோன்றும் மின்பொறியைத் தெளிவாகக் காண்பதற்காக அதை ஓர் இருட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பொறியின் நீளம் குறைந்தது. இடையில் கண்ணாடியை வைத்தபோதும் குறைந்தது; குவார்ட்ஸை வைத்தபோது குறையவில்லை. புறஊதாக் கதிரே காரணம் என்று பதிவு செய்துவிட்டு, அவர் தம் அலைகளிடம் திரும்பினார். மறு ஆண்டு வில்ஹெல்ம் ஹால்வாக்ஸ், புறஊதாக் கதிர் பட்ட துத்தநாகத் தகடு எதிர்மின்னூட்டத்தை இழப்பதைக் காட்டினார். புதிதாக மெருகிட்ட தகட்டில் விளைவு வலுவாக இருந்தது. காற்றில் கிடந்த தகட்டில் தளர்ந்தது. ஒளிமின் விளைவு பிறந்த நாள் முதலே மேற்பரப்பின் தூய்மையும் அதனுடன் சேர்ந்தே பிறந்த சிக்கலாக இருந்தது.

1905ஆம் ஆண்டு ஐன்ஸ்டைன் தந்த விளக்கம் எளிய கணக்கு: ஃபோட்டான் கொண்டுவரும் ஆற்றலில், எலெக்ட்ரான் உலோகத்தைவிட்டு வெளியேறச் செலுத்தும் விலையைக் கழித்தால், எஞ்சுவது அதன் பெரும இயக்க ஆற்றல். இக்கணக்கைச் சோதிக்க முனைந்த ராபர்ட் மில்லிகன் வெற்றிடக் குழாய்க்குள்ளேயே சுழலும் கத்தி ஒன்றை அமைத்து, சோடியம் முதலிய கார உலோகங்களின் மேற்பரப்பை அங்கேயே சீவி எடுத்து அளந்தார். 1916இல் சமன்பாடு மெய்யென நிறுவினார். அதன் பின்னிருந்த ஒளித்துகள் கருத்தை மட்டும் அப்போது அவரால் ஏற்க இயலவில்லை.

பின்னர் கேள்வி தலைகீழாயிற்று. ஃபோட்டானின் ஆற்றல் தெரியும், வெளிவந்த எலெக்ட்ரானின் ஆற்றலை அளக்கலாம். எனவே அது திண்மத்திற்குள் எந்நிலையில் இருந்தது என்பதைப் பின்னோக்கிக் கணிக்கலாம் அல்லவா? ஸ்வீடனின் உப்சாலாவில் காய் சீக்பான் 1950களில் எக்ஸ் கதிரைக் கொண்டு அணுவின் உள்ளடுக்கு எலெக்ட்ரான்களை இவ்வாறு அளந்தார். 1981ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி அவருக்குச் சென்றது. 1964இல் பெர்க்லண்ட், ஸ்பைசர் இருவரும் இந்நிகழ்வை மூன்று படிகளாகப் பிரித்தனர்: ஒளியை உறிஞ்சி எழுதல், மேற்பரப்பை நோக்கிப் பயணித்தல், தடையைக் கடந்து வெளியேறல்.

நடுப்படிதான் வழக்கின் மையம். இவ்வாய்வுகளில் பெரிதும் பயன்படும் ஆற்றல்களில், எலெக்ட்ரான் மோதலின்றிக் கடக்கக்கூடிய தொலைவு சில ஆங்ஸ்ட்ராம்களே. ஆழத்திலிருந்து புறப்படுவன வழியில் மோதித் தம் செய்தியை இழக்கின்றன. நம்பத்தக்க செய்தியுடன் வருவன மேலுள்ள சில அணு அடுக்குகளிலிருந்து வருவனவே. ஒரு டாரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்திலும்கூட, ஏறத்தாழ ஒரே நொடியில் தூய பரப்பை ஓர் அடுக்கு வாயு மூலக்கூறுகள் மூடிவிடக்கூடும். அதனினும் பல்லாயிரம் மடங்கு தாழ்ந்த அழுத்தத்தை எட்டும் வெற்றிடக் கலன்கள் அமைந்த பிறகே இவ்வாய்வு ஊன்றி நின்றது.

எலெக்ட்ரான் வெளியேறும் கோணத்தையும் அளந்தால், பரப்பிற்கு இணையான உந்தமும் கிட்டும். 1974இல் பெல் ஆய்வகத்தின் நெவில் ஸ்மித் குழுவினர் டான்டலம் டைசல்பைடு, டைசெலினைடு ஆகிய படிகங்களில் ஆற்றல் பட்டைகளை இம்முறையில் வரைந்தனர். அவை ஏடு ஏடாகப் பிரியும் அடுக்குப் படிகங்கள். வெற்றிடத்திலேயே உடைத்தால் தூய, சமமான பரப்பு கிடைக்கும். 1986க்குப் பின் வந்த தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளுள் பிஸ்மத் கலந்த சேர்மம் இவ்வாய்வாளர்களின் விருப்பப் பொருளானதற்கும் அதே பிளவுத் தன்மை முக்கியக் காரணம். அதில்தான் 1993இல் ஸ்டான்ஃபோர்டு குழு, மீக்கடத்து ஆற்றல் இடைவெளி ஒரு திசையில் பெரிதாகவும் மூலைவிட்டத் திசையில் மிகச் சிறிதாகவும் இருப்பதைக் கண்டது.

அவ்வெற்றியின் நிழலிலேயே ஐயமும் வளர்ந்தது. 1994இல் யோஷிதேரு மாயெனோவும் உடனாய்வாளர்களும் ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட்டில் மீக்கடத்தலைக் கண்டனர். மாறும் காந்தப்புலத்தில் படிகத்தின் காந்தத்தன்மை ஊசலாடுவதை அளக்கும் டி ஹாஸ்–வான் ஆல்ஃபன் முறை, 1996இல் அதன் ஃபெர்மி பரப்பை முழுமையாக வரைந்து காட்டியது: மூன்று தாள்கள், அவற்றுள் இரண்டு எலெக்ட்ரான் வகை, ஒன்று துளை வகை. பட்டைக் கோட்பாட்டுக் கணக்கீடுகளும் அதையே கூறின. ஆனால் அதே காலத்தில் ஒளிமின் உமிழ்வு அளவீடுகள் ஒரு தாளை மாற்றிச் சொல்லின: எலெக்ட்ரான் வகை ஒன்று, துளை வகை இரண்டு. காந்த ஊசலாட்டம் படிகம் முழுவதிலுமிருந்தும் எழுவது. உமிழ்வுச் செய்தியோ மேலடுக்குகளினுடையது. இவ்வளவு தூய, எளிய பொருளிலேயே இம்முறை தவறுமானால், சிக்கலான தாமிர ஆக்சைடுகளைப் பற்றி அது கூறியவற்றை எங்ஙனம் ஏற்பது?

விடை 2000ஆம் ஆண்டில் வந்தது. மேற்பரப்பில் ருத்தனியத்தைச் சூழ்ந்த ஆக்சிஜன் எண்முகிகள் ஏறக்குறைய 9 பாகை சுழன்று நிற்பதை ஒரு குழு கண்டறிந்தது. அதாவது மேலடுக்கின் படிக அமைப்பே உட்புறத்திலிருந்து வேறு. ஆந்த்ரேயா டமாஷெல்லியும் உடனாய்வாளர்களும் படிகத்தை 10 கெல்வினில் உடைத்தபோது பரப்பிற்குரிய பட்டைகள் ஓங்கித் தெரிந்தன. 180 கெல்வினில் உடைத்துக் குளிர்வித்தபோது மேலடுக்கின் ஒழுங்கு குலைந்து அவை மங்கின. எஞ்சிய படம் காந்த ஊசலாட்டத்தின் மூன்று தாள்களோடு பொருந்தியது. சாட்சி பொய் சொல்லவில்லை. இருவரின் குரல் ஒன்றாகப் பதிவானதை ஆய்வாளர்கள் ஒருவரின் குரலாகப் படித்திருந்தனர்.

இப்படிப்பினையின் பயன் எட்டே ஆண்டுகளில் தெரிந்தது. உட்புறம் மின்காப்பியாக இருந்தும், மேற்பரப்பு தவிர்க்கவியலாதபடி மின்கடத்தியாக இருக்கும் பொருட்கள் உண்டு என்று கோட்பாட்டாளர்கள் முன்னுரைத்திருந்தனர். இடத்தியல் மின்காப்பிகள் என்னும் இப்பொருட்களுள் பிஸ்மத்–ஆன்டிமனி கலவையில் 2008இலும், பிஸ்மத் செலினைடில் 2009இலும், பிரின்ஸ்டனின் ஜாகித் ஹசன் குழு அப்பரப்பு நிலைகளை நேரடியாகப் படம்பிடித்தது. ஃபோட்டானின் ஆற்றலை மாற்றினால் உட்புறப் பட்டைகள் இடம்பெயரும், பரப்பு நிலை பெயராது. இரு குரல்களையும் பிரித்தறிய இச்சோதனை உதவியது. மில்லிகன் சீவி எறிந்த மேற்பரப்பே இங்கு ஆய்வுப் பொருளாயிற்று.

இந்தூரில் 1999 முதல் இயங்கும் இண்டஸ்-1 சின்க்ரோட்ரானின் ஒளிமின் உமிழ்வு நிலையங்கள் உட்பட, இன்று உலகெங்கும் எழுதப்படும் ஒவ்வொரு பட்டைப் படத்தின் முன்னும் அந்த 1996ஆம் ஆண்டின் கேள்வி நிற்கிறது. படிகம் எந்த வெப்பநிலையில் உடைக்கப்பட்டது, எத்தனை ஃபோட்டான் ஆற்றல்களில் அளக்கப்பட்டது, படிகம் முழுவதையும் காணும் வேறோர் அளவீட்டோடு ஒப்பிடப்பட்டதா என்பவற்றைச் செய்முறைப் பகுதியில் தேடிப் படித்த பிறகே படத்தைப் பார்ப்பது மாணவர்க்கு நன்று.