தோட்டப்புறத்துக் கோழிகள்

முற்றத்தில் உலர வைத்த உணவைக் கொத்த வந்த கோழியைக் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிந்து விரட்டிய மகளிரைப் பட்டினப்பாலையில் காண்கிறோம். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்புக்கு அதனைச் சான்றாகக் காட்டுவது ஆசிரியர் மரபு. எனக்கோ அவ்வடிகளைப் படிக்குந்தோறும் கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டமொன்றின் லயத்து வாசலே கண்முன் நிற்கும். அங்கும் கோழி மேய்ந்தது. எறிவதற்குத்தான் காதில் பொன் இல்லை. முறத்தைத் தட்டி விரட்டினார்கள்.

மலாயாத் தமிழர் வரலாறு என்றால் கப்பலும் கங்காணியும் பால்மரமும் நினைவுக்கு வரும். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938-இல் நின்றது. ஆயினும் வந்து சேர்ந்தவனுக்கு வீடு சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போகும். வாசல் மண்ணும் தோட்டத்துக்குரியதே. பாத்திரம், துணிமணி, ஆடு, கோழி ஆகியவையே துரையின் கணக்கில் ஏறாத உடைமைகள். அவற்றுள்ளும் கோழி பெண்களுக்குரியது. ஆண்மக்களின் கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குப் போவதுண்டு. முட்டைக் காசு அங்கே போனதாக நான் அறியேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நாம் இம்மண்ணுக்கு வந்தேறியோம். கோழியின் மூதாதையோ இம்மண்ணுக்கே உரியது. செந்நிறக் காட்டுக்கோழி இன்றும் மலேசியக் காடுகளில் வாழ்கிறது. வீட்டுக்கோழியின் மிகப் பழைய எலும்புகள் மத்தியத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650 முதல் 1250 வரை என்றும், நெல் விளைந்த இடத்தைத் தேடியே காட்டுக்கோழி மனிதனை அண்டியது என்றும் 2022-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தோட்டத்து எல்லையில் காட்டுச் சேவல் வந்து கூவுவதும் எங்கள் பெட்டைகள் அதன் பின்னே போய்விடுவதும் சிறுவயதில் எங்களுக்கு வேடிக்கை.

குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் பகல் குறுகும். கோழிகள் இறகுதிர்த்து முட்டையிடுவதை நிறுத்தும். கோலாலம்பூரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருப்பது. இங்குப் பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 20 நிமிடமே கூடிக் குறையும். நமக்கு இலையுதிர் காலம் ஏது? ஐப்பசி, கார்த்திகை அடைமழையே உண்டு. மழையில் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் குறையும். அந்நாள்களில்தான் கோழியின் அருமை தெரியும்.

அம்மா அடைக்கோழிக்குக் கீழே பத்துப் பதினோரு முட்டை வைப்பார். ஏழாம் நாள் இரவு மண்ணெண்ணெய் விளக்கின்முன் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பார். உள்ளே செந்நூல் வலைபோல நரம்போடினால் அது குஞ்சு. தெளிந்திருந்தால் அது குழம்புக்கு. இருபத்தொன்றாம் நாள் ஓடு கீறும். ஈரத் தரையில் குஞ்சுகள் விறைத்துப் போகாதிருக்க அடுப்படியில் சாம்பல் பரப்பிப் பஞ்சாரத்தைக் கவிழ்ப்போம். பகலில் பருந்து, இரவில் மரநாய், மழை ஓய்ந்தால் உடும்பு என அத்தனைக்கும் தப்பியதே கோழி.

அக்காலத்தில் பள்ளியாண்டு சனவரியில் தொடங்கும். ஆதலின் தீபாவளிக்கு ஒரு சேவலை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை அம்மா விற்றுவிடுவார். அந்தப் பணம் சீருடைக்கும் காலணிக்கும், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துக் கிள்ளான் நகரில் புகுமுக வகுப்புக்குச் செல்வோரின் பேருந்துக் கட்டணத்துக்கும் உரியது. என் அக்கா ஆறாம் வகுப்பு முடித்த ஆண்டு மழையோடு வெள்ளைக்கழிச்சல் வந்தது. நியூகாசில் என்றும் இராணிக்கெட் என்றும் ஊர்ப்பெயர்களால் வழங்கப்படும் அதே நோய்தான். சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தோம். மூன்றே நாளில் முப்பதுக்கு மேல் செத்தன. தடுப்பு மருந்து அக்காலத்திலேயே உண்டு. எங்கள் லயம்வரை அது எட்டவில்லை. தை பிறக்குமுன்னே அக்கா வாளியும் உளியும் எடுத்துப் பெரட்டுக் களத்தில் போய் நின்றார். மறுபடியும் கோழி பெருகியபோது பள்ளிக்குப் போனவன் நான்.

ஐம்பதுகளில் தொடங்கிய தோட்டத் துண்டாடலைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததைப் பாடநூல்வழி அறிவோம். ஆயினும் பிற்காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்து மக்கள் அடுக்குமாடிகளில் ஏறினர். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர் வாழ்ந்த நூறு குவார்ட்டர்ஸ் வீடுகளும் இடிபட்டன. 2006 பிப்ரவரியில் கோலாலம்பூரை அடுத்த கோம்பாக் வட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் கண்டபோது முதலில் மடிந்தவை கம்பத்து வாசலில் மேய்ந்த கோழிகளே. அதன்பின் வீட்டுக்கோழி என்றாலே அயலாருக்கு அச்சம்.

2022 சூன் முதல் நாள் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சந்தையில் கோழிக்குத் தட்டுப்பாடு. அவ்வாரம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். ஐந்தாம் மாடி வீடு. பின்கட்டு மூலையில், அடிமூங்கில் இற்றுப்போன பழைய பஞ்சாரம் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே வெங்காயம் உலர வைத்திருந்தார். “கோழி கிடைக்கலையாமே தம்பி?” என்று கேட்டார். பிறகு பேரனின் பள்ளிக் காலணியை எடுத்து வெயிலில் வைக்கப் போய்விட்டார்.