உணவு இடைவேளையிலிருந்து நலக்குழு வரை: பின்னி ஆலைகளில் நிர்வாகக் கொள்கையின் உருவாக்கம் (1918–1922)

சென்னைப் பெரம்பூரில் இயங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் நலத்திட்டங்கள் பின்னி நிறுவனத்தின் பெருந்தன்மை என்றோ, தொழிற்சங்கத்தை முறியடிக்கும் சூழ்ச்சி என்றோ விளக்கப்படுவதுண்டு. கொள்கை மேலிருந்து கீழ்நோக்கி வருவது என்னும் எடுகோள் இவ்விரு விளக்கங்களுக்கும் பொதுவானது. 1918 முதல் 1922 வரையிலான நிகழ்வுகளைத் தொடர்ச்சியாக நோக்கினால், தொழிலாளரின் நடத்தையும் ஆலையில் வேரூன்றியிருந்த மரபும் மோதிய இடங்களிலேயே புதிய விதிகள் தோன்றியமை புலனாகும்.

முதல் முறையீடுகளுள் முதன்மையானது உணவு நேரம் பற்றியது. நண்பகல் இடைவேளை அரைமணி நேரமே. அதற்குள் தறியை விட்டு வெளியேறி, உண்டு, மீண்டும் உரிய இடத்தில் நிற்க வேண்டும். இக்குறையைத் தொழிலாளர் நிர்வாகத்திடம் அன்றி, அப்பகுதியின் சிறு வணிகர்களான செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரிடம் கொண்டு சென்றனர் என்பது கருதத்தக்கது. பஜனைச் சபையொன்றைச் சார்ந்து தொடங்கிய கூட்டங்கள், 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்ட சென்னைத் தொழிலாளர் சங்கமாக உருப்பெற்றன. பின்னர் இடைவேளை 40 நிமிடமாக நீட்டிக்கப்பட்டது. கூடுதலாகக் கிடைத்தது பத்து நிமிடமே. எனினும், ஆலைக்கு வெளியே கூடிப் பேசிய பேச்சு உள்ளே ஒரு நேர விதியை மாற்றிவிட்டது.

நிர்வாகத்தின் மரபுக்கு இதுவே ஒவ்வாததாயிற்று. குறையுடைய தொழிலாளி தனியாக மேலாளரிடம் முறையிட வேண்டும். அவர் செவிசாய்த்து அருள வேண்டும். இந்தத் தந்தைமை மனப்பாங்கில் இடையே நின்று பேசும் வெளியாருக்கு இடமில்லை. ஆகவே கோரிக்கைக்கு இணங்கியபோதும் சங்கத்தை ஏற்க நிர்வாகம் மறுத்தது. 1920 இறுதியில் கதவடைப்பு நிகழ்ந்தபோது வாடியா உள்ளிட்டோர் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றது. வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலக நேர்ந்தது. இவ்வழக்கு எழுப்பிய அச்சமே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்கான தூண்டுதல்களுள் ஒன்று.

1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் தொழிலாளரிடையே நிலவிய பிளவை வெளிப்படுத்தியது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர், எம். சி. இராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. பணிக்குத் திரும்பியோரைக் கருங்காலிகள் என ஒதுக்குவது எளிது. ஆனால் அது போதிய விளக்கமன்று. சாதி வேறுபாடு நாளும் கடைப்பிடிக்கப்பட்ட சேரி வாழ்வில், பஜனைச் சபையின் அரவணைப்பில் முளைத்த ஓர் அமைப்பைத் தமதென அவர்கள் உணர்ந்திருப்பார்களா என்னும் வினா எழாமல் இராது. நிர்வாகமோ இப்பிளவை உருவாக்கவில்லை. இருந்ததைக் கண்டு பயன்படுத்திக்கொண்டது. திரு. வி. க. போன்றோர் உழைத்தும், மாதக்கணக்கில் நீடித்த போராட்டம் அக்டோபரில் பயனின்றி முடிந்தது.

வெற்றி பெற்ற நிர்வாகம் பழைய தனிமுறையீட்டு முறைக்கே திரும்பியிருக்கலாம், அவ்வாறு திரும்பவில்லை. 1922இல் தொழிலாளர் பிரதிநிதிகள் மேலாண்மையினருடன் அமர்ந்து பேசும் நலக்குழு ஏற்படுத்தப்பட்டது. கூடிப் பேசுதல், சார்பாளர் வழி முறையிடுதல் ஆகிய இரண்டும் சங்கம் நான்காண்டுகளில் பழக்கியவை. நிர்வாகம் அவ்வடிவத்தை ஏற்றுக்கொண்டு, வெளியாரை மட்டும் விலக்கியது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு முதலிய பணிகளும் இக்குழுவும் சேர்ந்தே ஆலையின் புதிய ஒழுங்காயின. இறுதி முடிவு மேலாளரிடமே இருந்தது. சங்கத்தை ஏற்றல் என்னும் கோரிக்கை 1918இல் நின்ற இடத்திலேயே 1922இலும் நின்றது.