பழைய கம்ப்யூட்டரும் ஆவடி டாங்கியும்

மக்களே, போன மாசம் எங்க வீட்டுல ஒரு பட்டிமன்றம் நடந்துச்சு. தலைப்பு: 'இருக்கற கம்ப்யூட்டரைத் தேத்துவதா, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குவதா?' தூக்கிப் போடுற அணிக்கு என் பையன் தலைவர். தேத்துற அணியில நான் மட்டும். நடுவர் எங்க அப்பா. 1966-லேர்ந்து 2002 வரைக்கும் ஆவடி டாங்கி ஃபாக்டரியில வேலை பார்த்தவர்.

முதல்ல குற்றவாளியைப் பத்திச் சொல்லிடறேன். 2015-ல வாங்கின பெட்டி. நாலாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காலையில ஆன் பண்ணிட்டுப் போய் பால் காய்ச்சி, டிகாஷன் இறக்கி, காபி கலந்து எடுத்துக்கிட்டு வந்தாலும் திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். போதாக்குறைக்கு 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 போடலாம்னா, அதுக்கு இன்டெல்லா இருந்தா எட்டாம் தலைமுறை ப்ராசசராவது வேணும், டிபிஎம் 2.0 வேணும். நம்ம பெட்டியில ரெண்டும் கிடையாது. கடைக்காரத் தம்பி ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்: "தேறாது சார்."

எனக்கு இது புதுசு இல்லை. இதே கேள்வி 2004-லயும் வந்துச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க.

2000-ல ஆவடியில யூனிட் ட்ரெயின் ஏறி, சென்ட்ரல்ல இறங்கி, ரிச்சி தெருவுல அலைஞ்சு, அசெம்பிள் பண்ணி வாங்கின பெட்டிதான் எங்க முதல் கம்ப்யூட்டர். செலரான் ப்ராசசர், 64 எம்பி ரேம், விண்டோஸ் 98. அந்தக் காலத்துல அசெம்பிள் பண்ற எல்லாரும் சொல்ற மந்திரம் ஒண்ணு இருக்கு: "இப்போ இது போதும் சார், அப்புறமா அப்கிரேட் பண்ணிக்கலாம்." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மாசச் சம்பளக்காரங்க வீட்டுக்குள்ள கம்ப்யூட்டர் நுழைஞ்சதே அந்த மந்திரத்தை நம்பித்தான்.

ஆனா நடந்தது என்ன? பென்டியம் 4-ஐ மட்டும் எடுத்துக்கங்க. 2000-ல வந்தப்போ அது உட்கார்ற சாக்கெட்டுக்கு 423 பின். அடுத்த வருஷமே 478. 2004-ல 775. பேரு ஒண்ணுதான், ஆனா ஒண்ணோட போர்டுல இன்னொண்ணு உட்காராது. ரேம் கதையும் அதேதான். எஸ்டிரேமுக்கு 168 பின், டிடிஆருக்கு 184, டிடிஆர்2-க்கு 240. டிடிஆர்3-க்கும் அதே 240தான், ஆனா வெட்டு வேற இடத்துல. அதனால 'அப்புறமா' ப்ராசசரை மாத்தப் போனா போர்டை மாத்தணும், போர்டை மாத்தினா ரேமை மாத்தணும், சமயத்துல பவர் சப்ளையையும் மாத்தணும். கடைசியில பழசுல மிஞ்சறது தகர டப்பாவும் ஃப்ளாப்பி ட்ரைவும்தான். கைப்பிடியை மாத்தி, அலகையும் மாத்திட்டு, 'இது எங்க தாத்தாவோட அரிவாள்'னு சொல்ற கதை.

அப்படியும் 2004-ல நான் பெட்டியை மாத்தினது வேகத்துக்காக இல்லை. தமிழுக்காக. அன்னைக்கு எழுதிக்கிட்டிருந்தவங்களுக்கு இது நல்லாவே ஞாபகம் இருக்கும். ஆளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம்னு கிடந்த காலம். 1999 பிப்ரவரியில சென்னையில தமிழிணையம் 99 மாநாடு நடந்து, அதைத் தொடர்ந்து தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் தரப்படுத்துச்சு. இன்னொரு பக்கம் இணையத்துல திஸ்கி ஓடிக்கிட்டிருந்துச்சு. யூனிகோடுல தமிழ் 1991-லயே இருந்தாலும், விண்டோஸ் அதை ஒழுங்கா காட்ட ஆரம்பிச்சது விண்டோஸ் 2000-லயும் எக்ஸ்பியிலயும்தான். எக்ஸ்பியிலயும் சும்மா இல்லை. கண்ட்ரோல் பேனலுக்குள்ள போய் ஒரு டிக் அடிச்சு, சிடியைப் போட்டு, ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் கொம்பும் காலும் தத்தம் இடத்துல போய் உட்காரும். 98 வச்சிருந்த நான் பாதி நேரம் கட்டம் கட்டமாத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன். 64 எம்பி ரேம்ல எக்ஸ்பியைப் போட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. அதனால புதுசு வாங்கினேன். அந்த முடிவுல இன்னைக்கும் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேற இடத்துல. பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சுல கொடுத்தேன். ஹார்ட் டிஸ்கோட. அப்பா ரிட்டயர் ஆனதுலேர்ந்து ரெண்டு வருஷமா, ஒத்தை விரலால, திஸ்கி எழுத்துருவுல தட்டி வச்சிருந்த நாப்பது பக்கம் அதுல இருந்துச்சு. முதல் நாள் வேலைக்குப் போனது, குவார்ட்டர்ஸ் வாழ்க்கை, கூட வேலை பார்த்தவங்க, கேன்டீன், நைட் ஷிஃப்ட்... எல்லாம். "என் ஃபைல் எங்கடா?"ன்னு அவர் கேட்டப்போ பெட்டி போய் பத்து நாள் ஆயிருந்துச்சு. அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

சரி, பட்டிமன்றத்துக்கு வருவோம். ரெண்டு பக்கமும் கேட்டுட்டு நடுவர் கணினியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. விஜயந்தா கதையை ஆரம்பிச்சுட்டார்.

இங்கிலாந்தோட விக்கர்ஸ் கம்பெனி வடிவமைச்ச டாங்கி அது. 1965 கடைசியில ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலேர்ந்து முதல் விஜயந்தா வெளியே வந்துச்சு. 105 மில்லிமீட்டர் பீரங்கி, லேலண்ட் எல்60 இன்ஜின். 80-கள் வரைக்கும் செஞ்சு, மொத்தம் ரெண்டாயிரத்துக்கும் மேல. வயசானதும் ராணுவத்துக்கும் இதே கேள்விதான் வந்துச்சு, தேத்துவதா, மாத்துவதான்னு. 'பைசன்'னு ஒரு திட்டம் போட்டாங்க. டி-72 டாங்கியோட இன்ஜினை வைக்கிறது, குறிபார்க்கிற கருவிகளைப் புதுசாக்கிறது, கவசத்தைக் கூட்டுறது. செலவுக் கணக்குப் பார்த்தா கட்டுப்படியாகலை. திட்டம் கைவிடப்பட்டுச்சு.

அதுக்காக விஜயந்தாவை உடனே காயலான் கடைக்குப் போட்டாங்களா? அதான் இல்லை. புதுசா வர வேண்டிய அர்ஜுனுக்கு 1974-ல அனுமதி கிடைச்சு, உற்பத்தியான முதல் வண்டிகள் ராணுவத்துக்குப் போனது 2004-ல. 30 வருஷம்! புதுசு வரும் வரும்னு பழசைத் தூக்கிப் போட்டிருந்தா கதை கந்தல். நடுவுல டி-72-ஐ ஆவடியிலயே 'அஜேயா'ன்னு செஞ்சு சமாளிச்சாங்க. விஜயந்தாவோட அடிச்சட்டத்துக்கும் வேற வேலை கொடுத்தாங்க. அதை நீட்டி 130 மில்லிமீட்டர் ரஷ்ய பீரங்கியை ஏத்தினப்போ அது 'கேடபல்ட்'. மடக்குப் பாலத்தை ஏத்தினப்போ அது 'கார்த்திக்', ஆறு, கால்வாயைத் தாண்ட பாலம் போடுற வண்டி.

"இன்ஜினும் மாத்தணும், கண்ணும் மாத்தணும், தோலும் மாத்தணும்னா, அது தேத்துறது இல்லடா, புதுசு செய்யறது. ஏதாவது ஒண்ணுதான் மக்கர் பண்ணுதுன்னா அதை மட்டும் மாத்து. சண்டைக்கு ஆகலைன்னா பாலம் போட வச்சுக்கோ. முதல்ல மக்கர் பண்றது எதுன்னு பாரு." தீர்ப்பு முடிஞ்சுது. நடுவர் சாப்பிடப் போயிட்டார்.

பார்த்தேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்தா ப்ராசசர் சும்மா உட்கார்ந்திருக்கு, பத்து சதவீதம்கூடத் தாண்டலை. டிஸ்க் மட்டும் நூறுலயே நிக்குது. ரேம் நிரம்பி வழியுது. மக்கர் எதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஹார்ட் டிஸ்க்குங்கறது கிராமஃபோன் மாதிரி, தட்டு சுத்தணும், முள்ளு நகரணும். நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்தினாலும், அங்கங்க சிதறிக் கிடக்கற தகவலை செகண்டுக்கு நூறு தடவை போல எடுத்தாலே பெரிசு. எஸ்எஸ்டியில நகர்ற பாகமே கிடையாது, அதே வேலையை ஆயிரக்கணக்குல செய்யும். ஆக மாத்த வேண்டியது ரெண்டே சாமான். எஸ்எஸ்டி ஒண்ணு, இன்னொரு 4 ஜிபி ரேம். ரெண்டும் சேர்த்து நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. இப்போ பால் பொங்கறதுக்கு முன்னாடியே திரை வந்துடுது.

பாதுகாப்பு அப்டேட் பிரச்சினை? அது எஸ்எஸ்டியால தீராது. அதனால லினக்ஸ். இதுவும் நம்ம ஊருக்குப் புதுசு இல்லைங்க. சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ், 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல விண்டோஸ் கூடவே வந்துச்சு. அந்த லேப்டாப்கள்ல பலதும் இன்னைக்கும் பரண்லயும் பீரோவுலயும் தூங்கிக்கிட்டு இருக்கும். உங்க வீட்டுல ஒண்ணு இருந்தா எடுத்துப் பாருங்க, பாலம் போடவாவது ஆகும். பையனோட கட்சியும் முழுசா தோத்துடலை. கல்லூரியில கேக்கற சில மென்பொருளுக்கு இந்தப் போர்டு உண்மையிலேயே போதாது. அவனுக்கு அடுத்த ஜூன்ல புதுசு. அங்க மாத்த வேண்டியது எல்லாமே, அதனால அங்க தேத்தறது வீண்.

ஒண்ணு மட்டும் இந்தத் தடவை ஒழுங்கா செஞ்சேன். ஸ்க்ரூ ட்ரைவரைத் தொடறதுக்கு முன்னாடி எல்லா ஃபைலையும் ரெண்டு நகல் எடுத்தேன். ஒண்ணு வீட்டுல, ஒண்ணு தங்கச்சி வீட்டுல. பழைய ஹார்ட் டிஸ்கை யாருக்கும் கொடுக்கலை. கெட்டுப்போனா காயலான் கடைக்கும் போகாது. மின்கழிவு விதிகள் 2012 மே மாசத்துலேர்ந்து அமல்ல இருக்கு, அங்கீகாரம் வாங்கின மறுசுழற்சியாளர்கிட்டதான் கொடுக்கணும். உங்ககிட்ட திஸ்கியில, டாப்ல எழுதின பழைய ஃபைல் ஏதாவது கிடந்தா, இந்த ஞாயித்துக்கிழமையே யூனிகோடுக்கு மாத்தி வச்சுடுங்க. பெட்டியை எப்ப வேணா வாங்கலாம்.

அப்பாவுக்கு இப்போ 83 வயசு. லினக்ஸ்ல தமிழ்99 போட்டுக் கொடுத்தேன். நேத்து ராத்திரி எட்டிப் பார்த்தா, அதே ஒத்தை விரல். திரையில ரெண்டு வரி இருந்துச்சு. 1966, முதல் நாள், ஆவடி ஸ்டேஷன்ல இறங்கினது.

பி.கு: அந்த ஃபைலோட நகல் இப்பவே மூணு இடத்துல இருக்கு. ரெண்டு வரிதான், இருந்தாலும்.